நியூட்ரினோவும் நால்வகை நகையும்

2011 செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரம். எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில் இருக்கின்றன. பிற்பகல் தேநீர் வரும் வேளையில் இரு துறையினரும் நடுவிலுள்ள திண்ணையில் கூடுவது வழக்கம். அன்று இயற்பியல் பேராசிரியர் ஓட்டமும் நடையுமாக வந்தார். என்னைவிடப் பதினைந்து ஆண்டுகள் மூத்தவர். வந்ததும் வராததுமாக, "தமிழய்யா, ஒரு வேடிக்கை சொல்கிறேன், கேளுங்கள்" என்றார்.

மதுக்கடைக்காரர் சொல்கிறார்: "ஒளியைவிட வேகமாக ஓடும் நியூட்ரினோக்களுக்கு இங்கே அனுமதி கிடையாது." ஒரு நியூட்ரினோ கடைக்குள் நுழைகிறது.

அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய துறையைச் சேர்ந்த இளைஞர் இருவரும் சிரித்தார்கள். நான் அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன். அடுத்த வரி இல்லை என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். எதுவும் ஒளியைவிட வேகமாகச் செல்ல இயலாது என்பது ஐன்ஸ்டைன் 1905இல் வகுத்த சார்பியல் கோட்பாட்டின் ஆணிவேர். அதை மீறி ஒரு செய்தியை அனுப்ப முடியுமானால், பார்ப்பவர் சிலருக்கு விளைவு முதலிலும் காரணம் பிறகும் தென்படும். ஆகவே கடைக்காரரின் மறுப்பு முன்னால் வந்துவிடுகிறது, நியூட்ரினோ பின்னால் நுழைகிறது.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் காரணத்துக்குப் பிந்தித்தான் வந்தது என்பதால், நான் ஐன்ஸ்டைனின் கட்சி என்று பேராசிரியர் தீர்ப்பளித்தார். "இது எங்களுக்குப் புதிதில்லை சார். காரணத்துக்கு முன்னால் காரியம் நிகழ்ந்துவிட்டதாகப் பாடுவதைப் பிற்கால அணிநூல்கள் மிகையுயர்வு நவிற்சி என்று பெயரிட்டு வைத்திருக்கின்றன" என்றேன். "அப்படியானால் உங்கள் புலவர்களைத்தான் முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றார் அவர்.

அன்று தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள், அந்த ஒரு செய்தியையும் அதைச் சூழ்ந்து எழுந்த நகைப்பையும் நான் தொடர்ந்து கவனித்தேன். இயற்பியல் அறிந்து அல்ல. உலகம் ஓர் அறிவியல் செய்தியைப் படித்துவிட்டு எவ்வாறு சிரிக்கிறது என்பதை முழுமையாகக் காண எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. அந்தச் சிரிப்பு என்னையும் தொட்ட கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

*

முதலில் செய்தியைச் சொல்லிவிடுவது நல்லது. சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோக் கற்றையொன்றை நிலத்தின் ஊடாக இத்தாலிக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவில், கிரான் சாஸோ மலையடியில், தலைக்கு மேல் 1400 மீட்டர் பாறையைச் சுமந்துகொண்டிருக்கும் ஆய்வகத்தில் ஓபரா என்னும் கருவி அவற்றைப் பிடித்தது. நியூட்ரினோ பாறையைப் பாறையென்றே மதிப்பதில்லை. ஆகவே அதற்குச் சுரங்கம் வேண்டாம், குழாய் வேண்டாம். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் பயன்படும்.

அந்தத் தொலைவைக் கடக்க ஒளிக்குச் சுமார் 2.4 மில்லி நொடி ஆகும். 2009 முதல் 2011 வரை திரட்டிய அளவீடுகளின்படி நியூட்ரினோக்கள் அதற்கும் 60 நானோ நொடி முன்னதாக வந்து சேர்ந்திருந்தன. ஒரு நானோ நொடியில் ஒளி ஒரு முழத்துக்கும் குறைவாகவே, ஏறக்குறைய 30 சென்டிமீட்டரே, நகரும். ஆக, ஒளியும் நியூட்ரினோவும் பந்தயம் வைத்து ஓடினால் 730 கிலோமீட்டரின் முடிவில் நியூட்ரினோ 18 மீட்டர் முந்தி நிற்கிறது. இந்தப் பதினெட்டு மீட்டருக்காகத்தான் உலகம் அத்தனை அமளிப்பட்டது.

அளந்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். இரு இடங்களுக்கும் இடையிலான தொலைவை 20 சென்டிமீட்டர் துல்லியத்தில் கணித்திருந்தார்கள். 2009 ஏப்ரலில் லாக்விலா நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தில் அந்த ஆய்வகம் சில சென்டிமீட்டர் நகர்ந்ததுகூட அவர்கள் கணக்கில் பதிவாகியிருந்தது. செப்டம்பர் 23 அன்று செர்னில் முடிவை அறிவித்தபோதும், ஐன்ஸ்டைன் வீழ்ந்தார் என்று அவர்கள் கூறவில்லை. பல மாதங்கள் தேடியும் எங்கள் பிழை எங்களுக்குப் புலப்படவில்லை, நீங்களும் தேடுங்கள் என்னும் தொனியிலேயே பேசினார்கள். முடிவுக்குக் கோட்பாட்டு விளக்கம் எதுவும் தர முயலவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். ஐன்ஸ்டைனை வீழ்த்தும் வேலையைத் தலைப்புச் செய்திகள் பார்த்துக்கொண்டன.

*

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வகுப்பில் இதை நடத்தும்போது ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தேடி அலைந்திருக்கிறேன். 2011ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நான்குக்கும் ஒரே இடத்தில் எடுத்துக்காட்டுக் கிடைத்தது.

மதுக்கடைக் கதை இளமையின் பாற்பட்டது. கதவைத் தட்டும் ஓசைக்கு முன்பே "யாரது?" என்று கேட்பது, பதிலைச் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பிறகு சொல்வது என்று அதன் உறவினர் பலர் அந்நாட்களில் பிறந்தார்கள். "நேற்று வருவேன், நாளை வந்தேன்" என்று காலத்தைப் புரட்டிப்போட்டு விளையாடும் குழந்தையின் சிரிப்பு அது. அதில் யாரும் புண்படுவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்த நகைச்சுவையைச் சொல்லத் தெரிந்தவருக்குச் சார்பியல் கோட்பாட்டின் சாரம் தெரிந்திருந்தது. காரணகாரியத் தலைகீழாக்கம் என்னும் கடினமான செய்தியை இரண்டே வரியில், ஒரு கலைச்சொல்லும் இல்லாமல் உணர்த்திவிட்டது. எத்தனையோ விளக்கக் கட்டுரைகளைப் படித்த எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்தக் கடைக்காரர்தான்.

இந்த விளையாட்டு புதிதன்று. 1923இலேயே இங்கிலாந்தின் பஞ்ச் இதழில், ஒளியைவிட வேகமாகப் பயணம் புறப்பட்டு முந்தைய நாள் இரவே வீடு திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றிய ஐந்தடிப் பாட்டு வெளிவந்தது. எழுதியவர் ரெஜினால்டு புல்லர், காளான்களை ஆராய்ந்த தாவரவியல் அறிஞர். நியூட்ரினோவின் பிறப்பிலேயேகூட நகை கலந்திருக்கிறது. 1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பவுலி அத்துகளை முதன்முதலில் முன்மொழிந்த கடிதம், "கதிரியக்கப் பெரியோர்களே, தாய்மார்களே" என்னும் பொருள்பட விளித்துத்தான் தொடங்குகிறது. சூரிச்சில் ஒரு நடன விழா இருப்பதால் கூட்டத்துக்கு நேரில் வர இயலவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். நியூட்ரினோ என்ற பெயரும் இத்தாலிய மொழியில் 'குட்டி நடுநிலையான்' என்பது போன்றதொரு செல்லப் பெயரே. ரோமில் ஃபெர்மியின் குழுவில் விளையாட்டாகச் சொன்னது நிலைத்துவிட்டது.

பேதைமைக்கு எடுத்துக்காட்டு ரோமிலிருந்தே வந்தது. முடிவு அறிவிக்கப்பட்ட அன்றே இத்தாலியக் கல்வி அமைச்சர் மரியஸ்தெல்லா ஜெல்மினியின் அமைச்சகம் ஒரு வாழ்த்தறிக்கை வெளியிட்டது. செர்னுக்கும் கிரான் சாஸோவுக்கும் இடையே இந்தச் சோதனை நடந்த சுரங்கப்பாதையை அமைக்க இத்தாலி 4.5 கோடி யூரோ அளவுக்குப் பங்களித்திருக்கிறது என்று அதில் பெருமிதத்தோடு கூறப்பட்டிருந்தது. 730 கிலோமீட்டர்ச் சுரங்கம்! ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து, பாதி இத்தாலியைக் கடந்து! நியூட்ரினோவுக்குச் சுரங்கமே வேண்டாம் என்று முன்பு சொன்னேன் அல்லவா?

இத்தாலியர்கள் சிரித்த சிரிப்பு அதன்பின் பல நாள் ஓயவில்லை. அச்சுரங்கத்தில் சுங்கம் எவ்வளவு, வேகவரம்பு எவ்வளவு, வரம்பை மீறிய நியூட்ரினோவுக்கு அபராதம் விதித்தாயிற்றா, விடுமுறை நாளில் நெரிசல் எப்படி என்று நாடே கேட்டது. அறிக்கைக்குப் பொறுப்பேற்று அமைச்சரின் செய்தித் தொடர்பாளர் பதவி விலகினார். இதில் உட்சுவை ஒன்றும் உண்டு. கிரான் சாஸோ ஆய்வகத்தை அடைய மலையைக் குடைந்து செல்லும் பத்துக் கிலோமீட்டர் நெடுஞ்சாலைச் சுரங்கம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதில் சுங்கச் சாலையும் உண்டு. உண்மையில் காலூன்றிய நகைக்குத்தான் ஆயுள் அதிகம் போலும்.

அந்தச் சிரிப்பில் குடிமக்களின் பழைய கணக்கு ஒன்றும் தீர்க்கப்பட்டது என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கான நிதியை வெட்டும் சீர்திருத்தத்தை எதிர்த்து முந்தைய ஆண்டின் இறுதியில்தான் மாணவர்கள் அந்த அமைச்சகத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கியிருந்தார்கள். ஆய்வுக்குப் பணம் குறைத்தவர்களே இல்லாத சுரங்கத்துக்குப் பணம் கொடுத்ததாக மார்தட்டினால், சிரிப்பதைவிடச் சிறந்த விடை வேறென்ன?

மடன் என்பது சொல்லிக்கொடுத்ததை ஆராயாது பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். இது இரு கட்சியிலும் இருந்தது. ஐன்ஸ்டைன் தவறியிருக்கவே முடியாது என்று கட்டுரையைத் திறந்துகூடப் பாராமல் சொன்னவர்கள் ஒரு பக்கம். நாளையே காலப்பயணம் வந்துவிடும் என்று நம்பியவர்கள் மறுபக்கம். எக்ஸ்கேசிடி என்னும் கோட்டோவியத் தொடரில் ஒரு பாத்திரம், இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பரவசப்படுபவர்களிடம் 'இது நிற்காது' என்று பந்தயம் கட்டிப் பணம் சேர்ப்பதாக அந்நாட்களில் ஒரு படம் வந்தது. பரவசத்துக்கும் பிடிவாதத்துக்கும் இடையே ஐயத்துக்கு ஓர் இடம் உண்டு, அது இலாபகரமானதும்கூட என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்லிற்று.

இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜிம் அல்-கலீலி வேறு வகையில் பந்தயம் கட்டினார். இம்முடிவு மெய்யானால் நேரலைத் தொலைக்காட்சியில் தம் உள்ளாடையைத் தின்பதாக அறிவித்தார். அதன்பின் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் எந்தக் குழம்பு தொட்டுக்கொள்ள வசதி என்று விசாரித்திருப்பார்கள். ஓர் அறிஞர் தம் துணிவைச் சமன்பாட்டால் சொல்லாமல் தம் மானத்தைப் பணயம் வைத்துச் சொன்னார். தவறினால் என்னை எள்ளுங்கள் என்று முன்கூட்டியே உரிமை வழங்கிவிட்ட அந்தச் செய்கை எனக்குப் பிடித்திருந்தது.

*

எள்ளல் கடைசியில் வந்தது. நவம்பரில் வேறு முறையில், மிகக் குறுகிய துடிப்புகளாக நியூட்ரினோக்களை அனுப்பி மீண்டும் அளந்தார்கள். முடிவு மாறவில்லை. ஆனால் 2012 பிப்ரவரியில், தங்கள் கருவியில் இரு கோளாறுகளைக் கண்டதாக ஓபரா குழுவினரே அறிவித்தார்கள். ஒன்று கடிகாரத்தின் துடிப்பு சற்றுப் பிசகியிருந்தது. அது எதிர்த்திசையில் பிழை செய்திருக்கக்கூடியது. மற்றதுதான் வினையாற்றியது. செயற்கைக்கோளிலிருந்து வரும் நேரக் குறிப்பைக் கடிகாரத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஒளியிழைக் கம்பி முழுமையாகத் திருகப்படாமல் இருந்தது. தளர்ந்த முனையில் ஒளி குறைந்து நுழைந்ததால், அதை உணரும் பகுதி விழித்துக்கொள்ளத் தாமதமாயிற்று. கடிகாரம் பின்தங்க, நியூட்ரினோ முந்தியது.

உலகம் வெடித்துச் சிரித்தது. ஒரு நூற்றாண்டுக் கோட்பாட்டை அசைத்தது ஒரு திருகு. வீட்டில் தொலைக்காட்சி தெரியவில்லை என்று புகார் செய்தால் எதிர்முனையில் முதலில் கேட்பார்களே, "கம்பியைச் சரியாகச் செருகியிருக்கிறீர்களா பாருங்கள் சார்" என்று. அதை யாராவது அவர்களைக் கேட்டிருக்கக் கூடாதா என்று எங்கள் தேநீர்த் திண்ணையிலும் பேச்சு எழுந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

மார்ச் மாதத்தில், அதே மலையடியில் இருந்த இக்காரஸ் என்னும் மற்றொரு கருவி, நியூட்ரினோ ஒளியின் வேகத்தை மீறவில்லை என்று அளந்து சொன்னது. அம்மாத இறுதியில் ஓபரா குழுவின் தலைமைப் பொறுப்பிலிருந்த அந்தோனியோ எரெதிதாத்தோவும், சோதனையை ஒருங்கிணைத்த தாரியோ அவுதியேரோவும் பதவி விலகினார்கள். குழுவுக்குள் அவர்கள்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்திருந்தது. விலக்குவதற்கு வேண்டிய பெரும்பான்மை கிட்டவில்லை என்றாலும் அவர்கள் நீடிக்கவில்லை. அவசரப்பட்டு அறிவித்தார்கள் என்ற மனக்குறை குழுவினர் சிலருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. முதல் கட்டுரையில் கையொப்பமிட மறுத்தவர்களும் உண்டு. ஆகவே அவர்கள்மீது தவறே இல்லை என்று வாதிட நான் முற்படவில்லை.

ஆயினும் அந்தச் செய்தியைப் படித்த அன்று என் சிரிப்பு நின்றுபோயிற்று. எனக்குள்ளும் இறுகத் திருகாத கம்பி ஒன்று இருந்தது.

*

முதுகலை முடித்துவிட்டு ஆய்வில் சேர்ந்திருந்த காலம் அது. சிற்றூர் ஒன்றில் ஒரு பெரியவர் வீட்டுப் பரணில் கதைப்பாடல் சுவடி இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். ஏட்டின் முன்பகுதி சிதைந்துபோயிருந்தது. எஞ்சியது ஊர்த்தெய்வம் ஒன்றைப் போற்றும் பகுதி. பெரியவர் திண்ணையிலேயே இருத்தி, மூன்று நாள் சோறு போட்டு, நான் படியெடுக்கும்வரை பக்கத்தில் அமர்ந்திருந்தார். "எப்படியாவது இதை அச்சிலே கொண்டுவந்திடுங்க தம்பி" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்.

அத்தெய்வத்தின் பெயரை எரிகாத்தாள் என்று படித்தேன். எரியைக் காத்தவள். நெருப்பின் காவல் தெய்வம். எனக்கு மெய்சிலிர்த்தது. தீ வழிபாடு, வேள்வி, தீமிதி என்று தொடுத்துப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதி ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த அறிஞர் ஒருவர் மெல்ல எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்த ஊரிலே ஏரி ஏதும் இருக்கா?"

இருந்தது. பெரிய ஏரி. அதன் கரைமேல் நடந்துதான் அந்த வீட்டுக்கு மூன்று நாளும் போய்வந்தேன். "இருக்கு ஐயா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் சிரித்துவிட்டது.

சுவடி படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று எழுதுவோர் புள்ளி இடுவதில்லை. தொல்காப்பிய முறைப்படி எகரத்துக்குப் புள்ளி உண்டு, ஏகாரத்துக்கு இல்லை. புள்ளி போனால் இரண்டும் ஒன்றே. ஏகாரத்துக்குக் கீழே இழுக்கும் கோடு வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பர். அது இந்த ஏட்டை எட்டியிருக்கவில்லை. ஆகவே அவள் ஏரிகாத்தாள். மழைவெள்ளத்தில் ஏரி உடையாமல் காத்தவள்.

என் பிழையைப் பிடிக்கத் தக்க சான்று அந்த ஏட்டிலேயே இருந்தது என்பதுதான் கொடுமை. மோனை என்னைக் காப்பாற்றியிருக்காது, எகரமும் ஏகாரமும் மோனைக்கு இனம். ஆனால் அடுத்த அடி 'மாரி' என்று தொடங்கியது. மாரிக்கு எதுகை ஏரியாகத்தான் இருக்க முடியும், எரியாக முடியாது. எதுகையில் முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும் என்பது இளநிலை மாணவனும் அறிந்த விதி. நானோ மாரியையும் மழையென்று கொள்ளாமல் மாரியம்மன் என்று கொண்டு மகிழ்ந்திருந்தேன். பற்றியதை விடாத மடன் எது என்று கேட்டால் என்னையே எடுத்துக்காட்டாகக் காட்டலாம்.

பின்னாளில் இயற்பியல் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் வியந்தார். "எங்களுக்கும் ஓர் எதுகை இருந்தது தமிழய்யா" என்றார். 1987 பிப்ரவரியில் வெடித்த விண்மீன் ஒன்றின் ஒளியும் நியூட்ரினோக்களும் 1,68,000 ஒளியாண்டு கடந்து, சில மணி நேர இடைவெளியில் பூமியை அடைந்தன. ஓபரா அளந்த வேகம் உண்மையானால் அந்த நியூட்ரினோக்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். அடுத்த அடியைப் பார் என்று வானமே சொல்லிக்கொண்டிருந்தது. ஆற்றல் வேறு, சூழல் வேறு என்று அதற்கும் சமாதானம் சொல்ல இடமிருந்தது. எல்லாப் பிழைகளுக்கும் தம்மைக் காத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது.

கருத்தரங்குக்குப் பிறகு நான் சுவடிப் பக்கம் தலைவைக்கவில்லை. ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். பெரியவருக்குக் கடிதம் எழுதவில்லை. என்ன எழுதுவது? அந்தச் சிரிப்பொலி என் காதில் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. நினைத்துப் பார்த்தால் அவர்கள் சிரித்ததில் பிழையில்லை. நான் அவ்விடத்தில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் சிரிக்காததுதான் பிழை.

*

இந்த எண்ணத்துக்கு என்னைக் கொண்டுவந்தது மற்றொரு நியூட்ரினோ வேடிக்கை. 2011ஆம் ஆண்டின் இறுதியில் மைக்கேல் பெரி என்னும் புகழ்பெற்ற இயற்பியலாளரும் வேறு மூவரும் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மூவருள் ஒருவர் கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர். நியூட்ரினோக்கள் ஒளியை முந்தியதாகத் தோன்றுவதைக் குவாண்டம் இயற்பியலின் ஒருவகை அளவீட்டு விளைவாக விளக்கமுடியுமா என்பது கட்டுரையின் நீண்ட தலைப்பு. தலைப்பின் கீழே வழக்கமாக ஒரு பத்தி அளவுக்கு வரும் ஆய்வுச் சுருக்கம் இரண்டே சொற்களில் முடிந்திருந்தது. தமிழில் சொன்னால், 'அநேகமாக முடியாது.'

முழுக் கட்டுரையும் முறையான கணிதம். தாங்கள் முயன்ற வழி அடைபட்டது என்பதைப் பக்கம் பக்கமாக நிறுவிவிட்டு, முகப்பில் தங்களையே பார்த்து ஒரு சிரிப்பு. இதே பெரிதான், காந்தப்புலத்தில் தவளையை மிதக்கவைத்ததற்காக ஆந்திரே கைமுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் இக்நோபல் என்னும் கேலிப் பரிசைப் பெற்றுக்கொண்டவர். கைம் பத்தாண்டுகள் கழித்து மெய்யான நோபல் பரிசையும் பெற்றார். சிரிப்புக்கு ஆளாவதால் அறிவுக்கு இழுக்கில்லை என்று அறிந்த கூட்டம் அது.

தொல்காப்பிய உரையாசிரியர்களுள் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுப்பார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்ட போது தான் நகுவது மற்றொன்று. இதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு என்னவென்று ஒரு மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நம் பக்கத்தில் நியூட்ரினோ என்ற சொல் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தை நினைவூட்டும். அங்கே அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்தைப் பற்றிய பேச்சில் எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சமும் வெகுளியும் இருந்தன, அவற்றுக்கு அவரவர் காரணமும் இருந்தது. நகை மட்டும் எந்தத் தரப்பிலும் தலைகாட்டவில்லை. சிரிப்பு இருந்திருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்கியிருப்பார்களோ என்று தோன்றும்.

2012 ஜூன் மாதம் ஜப்பானின் கியோத்தோவில் நடந்த மாநாட்டில் கிரான் சாஸோவின் நான்கு கருவிகளும் ஒரே விடையைச் சொல்லின: நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை. நான்கில் ஒன்று, கம்பியை இறுக்கிவிட்டு மீண்டும் அளந்த ஓபரா. பிழை செய்தவர்களே முன்வந்து பிழையைக் கண்டு, அதே மேடையில் திருத்திச் சொன்னார்கள். மதுக்கடைக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் எத்தனைபேர் இதைக் கவனித்தார்களோ அறியேன்.

அந்தக் கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் நான் அவ்வூருக்குச் சென்றேன். பெரியவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டை இடித்துக் கட்டியிருந்தார்கள். பரணில் இருந்த கட்டு எங்கே போயிற்றென்று மகனுக்குத் தெரியவில்லை. "அப்பா உங்களைப் பற்றி ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாருங்க" என்றார். ஏடு இருந்ததற்கு இனி ஒரே சான்று என் கையிலிருந்த நாற்பது பக்கக் குறிப்பேடு. அதில் எங்கும் எரி, எரி, எரி.

ஊருக்குத் திரும்பியதும் பென்சிலை எடுத்து ஒவ்வோர் எகரத்தின் கீழும் கோடு இழுத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அப்பாடலைச் சிறு நூலாக அச்சிட்டேன். முன்னுரையில், பெயரைப் பிழையாகப் படித்துத் தீ வழிபாடு கண்டுபிடித்த ஆய்வாளர் ஒருவரின் கதையை அவர் பெயரோடு எழுதியிருக்கிறேன். முதல் படியை அந்த மகனிடம் கொடுத்தபோது அவர் அட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். ஏடு கிடைத்தபோதே அச்சிட்டிருந்தால் அதைத் தடவ வேண்டிய கை வேறொன்று.

இப்போது சுவடியியல் பாடத்தை ஒவ்வோராண்டும் மதுக்கடைக் கதையோடு தொடங்குகிறேன். தமிழ் மாணவர்கள், என்னைப் போலவே, அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்கள். விளக்கிய பின் சிரிப்பார்கள். பிறகு ஓபராவின் கம்பியைச் சொல்வேன், இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். கடைசியில் எரிகாத்தாளைச் சொல்வேன். முதலில் ஆசிரியரைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று தயங்குவார்கள். நான் தொடங்கிவைப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "ஏரி இப்பவும் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். இருக்கிறது அம்மா, போன ஐப்பசியில்கூட நிரம்பிற்று என்றேன்.